நம் பான் எண்ணில் யாரோ நடத்தும் வியாபாரம்: நொய்டா வழக்கும் புகார் செய்யும் வழியும்

2023 மே மாதம் டெல்லியை அடுத்த நொய்டாவில், செக்டர் 20 காவல் நிலையத்தில் ஒரு புகார் பதிவானது. புகார் கொடுத்தவர் பரவலாக அறியப்பட்ட இந்திப் பத்திரிகையாளர். அவருடைய பான் எண்ணை வைத்து இரண்டு நிறுவனங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தன. ஒன்று பஞ்சாபின் லூதியானாவில், மற்றொன்று மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில். இரண்டையும் அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்த ஒரு புகாரின் நூலைப் பிடித்துக்கொண்டு போன காவல்துறை, ஜூன் முதல் தேதி எட்டுப் பேரைக் கைது செய்ததாக அறிவித்தது. இந்தக் கும்பல் சுமார் ஐந்து ஆண்டுகளாக இயங்கி வந்தது என்றும், 2,660 போலி நிறுவனங்களைப் பதிவு செய்திருந்தது என்றும், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பான் விவரங்களைக் கையில் வைத்திருந்தது என்றும் சொன்னது. அரசுக்கு ஏற்பட்ட இழப்பு பல ஆயிரம் கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஐந்து ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் நடந்த ஒன்று, பாதிக்கப்பட்ட ஒருவர் எழுதிக் கொடுத்த புகாரால் ஒரு மாதத்துக்குள் வெளியே வந்தது. வரித் துறையின் கணினிகள் காட்டிக் கொடுக்காததைப் புகார்தாரர் காட்டிக் கொடுத்தார். ஆனால் அவர் பெயர் பெற்ற பத்திரிகையாளர். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் ஒருவர் இதே புகாருடன் போனால் என்ன நடக்கும்? கூலி வேலை செய்பவர்களுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்த செய்திகளும், அவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவுடன் நிற்கும் படங்களும் தமிழ் நாளிதழ்களுக்குப் புதியவை அல்ல. நொய்டாவுக்கும் நமக்கும் ஜிஎஸ்டி சட்டம் ஒன்றுதான். எனவே அந்த வழக்கை வைத்தே இந்தத் திருட்டு எப்படி நடக்கிறது, யாரிடம் எப்படிப் புகார் செய்வது என்பதைப் பார்த்துவிடலாம்.

திருட்டு நடந்த விதம்

கும்பல் இரண்டு அணிகளாக வேலை செய்தது. முதல் அணியின் வேலை நிறுவனங்களை உற்பத்தி செய்வது. பான் விவரங்கள் அடங்கிய பெரிய பட்டியல் ஒன்று அவர்களிடம் இருந்தது. ஏழைகள், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்கள் போன்றோரைப் பிடித்து, ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடக் குறையக் கொடுத்து, அவர்களுடைய ஆதாரில் உள்ள கைபேசி எண்ணை மாற்றச் செய்தார்கள். புதிய எண் கும்பலின் சிம் கார்டு. பிறகு அதே பெயருள்ள வேறொருவரின் பான் எண்ணைப் பட்டியலில் தேடி எடுத்தார்கள். பெயர் பொருந்திவிட்டால் விண்ணப்பம் நகர்ந்துவிடும். வணிக முகவரிக்கு ஒரு மின் கட்டண ரசீது, போலியான வாடகை ஒப்பந்தம்; அவ்வளவுதான், கடை தயார். இரண்டாவது அணி இந்த நிறுவனங்களை விலைக்கு வாங்கிப் பில் போடத் தொடங்கும்.

இதில் உயிர்நாடி அந்தக் கைபேசி எண் மாற்றம்தான். குஜராத்தின் பாலிதானாவிலும் 2023 தொடக்கத்தில் இதே கதை வெளிவந்தது. அரசு உதவி வாங்கித் தருகிறோம் என்று கூலித் தொழிலாளர்களை ஆதார் மையத்துக்கு அழைத்துப் போய் எண்ணை மாற்றியிருந்தார்கள். எண் மாறிய நிமிடத்திலிருந்து அந்த மனிதரின் ஒப்புதலைக் கேட்டு வரும் ஒவ்வொரு ஓடிபியும் திருடனின் கைக்குப் போகிறது.

பில் போடுவதில் என்ன லாபம்? தமிழ்நாட்டு வணிகவரித் துறையினர் 'பில் டிரேடிங்' என்று சொல்வது இதைத்தான். இரும்புக் கழிவு விற்றதாகப் போலி நிறுவனம் 1 கோடி ரூபாய்க்குப் பில் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத வரி, அதாவது 18 லட்சம் ரூபாய், அந்தப் பில்லில் இருக்கும். பில்லை வாங்கிய நிறுவனம் 18 லட்சத்தை ஏற்கெனவே செலுத்திய வரியாகக் காட்டித் தன் வரியில் கழித்துக்கொள்ளும். விற்றதாகச் சொன்னவர் அரசுக்குச் சல்லிக் காசு கட்டியிருக்க மாட்டார். சரக்கும் கிடையாது, கிடங்கும் கிடையாது. அதிகாரிகள் தேடி வரும்போது எஞ்சியிருப்பது ஒரு பான் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு உரியவர் எங்கோ தோல் பதனிட்டுக்கொண்டிருப்பார், அல்லது நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

2023 மே 16 முதல் ஜூலை 15 வரை மத்திய, மாநில வரித் துறைகள் சேர்ந்து நாடு முழுவதும் போலிப் பதிவுகளைத் தேடின. 21,791 நிறுவனங்கள் சொன்ன இடத்தில் இல்லை. 24,010 கோடி ரூபாய் வரி ஏய்ப்பு நடந்திருக்கலாம் என்று அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்ட் 16 முதல் அக்டோபர் 15 வரை இரண்டாவது தேடல் நடந்தது. இடையில் விதிகளும் இறுகின. 2022 டிசம்பரில் திருத்தப்பட்ட ஜிஎஸ்டி விதி 8, பான் எண்ணுடன் இணைந்த கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் ஓடிபி போக வேண்டும் என்கிறது. அதற்கு முன் விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்கு ஓடிபி போனாலே போதும் என்ற நிலை. திருடனிடமே சாவியைக் கொடுத்து வைத்திருந்தோம் என்று சொன்னால் மிகையில்லை. சந்தேகத்துக்குரிய விண்ணப்பதாரரை நேரில் வரவழைத்துக் கைரேகை பதியும் முறையை நாடு முழுவதும் படிப்படியாகக் கொண்டுவர 2024 ஜூன் 22 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 53-ஆவது கூட்டம் பரிந்துரைத்தது. இவையெல்லாம் இனி வரும் திருட்டைக் குறைக்கலாம். ஏற்கெனவே நம் பெயரில் திறக்கப்பட்ட கடையை இவை மூடாது.

நோட்டீஸ் யாருக்குப் போகிறது

பாதிக்கப்பட்டவர்களுக்கு விஷயம் ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்று பலர் கேட்கிறார்கள். காரணம் எளிது, கொடுமையும்கூட. ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆவது பிரிவுப்படி பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்பினாலும், ஜிஎஸ்டி இணையதளமான போர்ட்டலில் ஏற்றினாலும் நோட்டீஸ் சேர்ப்பிக்கப்பட்டதாகவே பொருள். அந்த மின்னஞ்சல் திருடனுடையது. போர்ட்டலின் கடவுச்சொல்லும் அவனிடம். விளக்கம் கேட்டு டிஆர்சி-01 நோட்டீஸ் வரும், பதில் சொல்ல 30 நாள் ஓடும், யாரும் பதில் சொல்லவில்லை என்று வரியைக் கட்டச் சொல்லி டிஆர்சி-07 உத்தரவு பிறக்கும். உண்மையான மனிதருக்கு இது தெரியவரும் நாள், வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட நாளாகவோ, அதிகாரிகள் வீட்டு வாசலுக்கு வரும் நாளாகவோ இருக்கும். வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்பவராக இருந்தால், வருமானவரித் துறை தொகுத்துக் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் (ஏஐஎஸ்) கோடிக்கணக்கில் விற்றுமுதல் தென்பட்டுத் திகைப்பார்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியாகவும் அடி விழக்கூடும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குத் தகுதியில்லாதவர் பட்டியலில், ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்பனை செய்து ஜிஎஸ்டி செலுத்தும் தொழில் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். யாரோ போட்ட போலிப் பில் ஒரு கூலித் தொழிலாளியை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் கேடு. விண்ணப்பம் காரணம் புரியாமல் தள்ளுபடியானவர்கள் இந்தக் கோணத்திலும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பார்ப்பதற்குச் செலவில்லை, கடவுச்சொல்லும் வேண்டாம். ஜிஎஸ்டி போர்ட்டலின் முகப்பில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதிக்குள் பான் எண்ணைக் கொண்டு தேடும் வசதி இருக்கிறது. அந்தப் பான் எண்ணில் நாட்டில் எங்கெங்கே பதிவு இருக்கிறதோ அவ்வளவும் வந்து நிற்கும். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 33 என்றால் தமிழ்நாடு, 27 மகாராஷ்டிரம், 03 பஞ்சாப், 07 டெல்லி. அடுத்த பத்தும் நம் பான் எண். பதின்மூன்றாவது, அதே மாநிலத்தில் அதே பான் எண்ணில் எடுக்கப்பட்ட எத்தனையாவது பதிவு என்பதைச் சொல்லும். எண்ணைத் தட்டினால் வணிகப் பெயர், பதிவான தேதி, முகவரி, பொறுப்பு அலுவலகம், அது மாநில அரசின் கீழா மத்திய அரசின் கீழா என்பது வரை தெரியும். கணக்குகள் தாக்கல் செய்யப்பட்ட மாதங்களும் தெரியும். எல்லாவற்றையும் தேதியுடன் அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு ரத்தான பிறகு திரையில் தெரிவது மாறிவிடும். இன்று எடுத்த அச்சு அப்போது சாட்சி.

யாரிடம், என்ன எழுதிக் கொடுப்பது

பான் எண்ணைக் கொண்டு தேடும் அந்த இடத்திலேயே, 'இது நான் எடுத்த பதிவு அல்ல' என்று தெரிவிக்கும் வசதி உண்டு. அங்கே பதியும் புகார் அந்தப் பதிவுக்குப் பொறுப்பான வரி அலுவலகத்துக்குப் போகும். இதை முதலில் செய்துவிட வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடுவது ஆபத்து. கணினியில் தட்டிய புகார் காணாமல் போனால் கேட்பாரில்லை. கையொப்பமிட்டு ஒப்புகை வாங்கிய காகிதம் நீதிமன்றம் வரை பேசும்.

காகிதம் போக வேண்டிய முதல் இடம், திரையில் தெரிந்த பொறுப்பு அலுவலகம். சென்னைக்காரர் பெயரில் டெல்லியில் பதிவு இருந்தால் டெல்லி அலுவலகம்தான். உள்ளூர் வணிகவரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது; வேறு மாநிலத்துப் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையுடன் அனுப்பலாம். உள்ளூர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளலாம்.

மனுவில் அழுகை வேண்டாம், உண்மைகள் போதும். இப்படி எழுதலாம்:

"எனது பான் எண்ணைப் பயன்படுத்திப் பெறப்பட்டுள்ள மேற்கண்ட ஜிஎஸ்டி பதிவுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை; என் சார்பில் விண்ணப்பிக்க யாருக்கும் அதிகாரம் அளிக்கவும் இல்லை. அதில் உள்ள கைபேசி எண், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, வணிக முகவரி எதுவும் என்னுடையவை அல்ல. அப்பதிவின் கீழ் நான் எதையும் வாங்கவோ விற்கவோ இல்லை. எந்தப் பலனும் பெறவில்லை. மோசடியாகப் பெறப்பட்ட இப்பதிவை, சட்டப் பிரிவு 29(2)(இ)-இன்படி, பதிவான நாளிலிருந்தே ரத்து செய்யுமாறும், விண்ணப்பத்துடன் ஏற்றப்பட்ட புகைப்படம், வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, வங்கி விவரங்கள் ஆகியவற்றின் நகல்களை எனக்கு வழங்குமாறும், இப்பதிவின் கீழ் எழும் எந்தக் கோரிக்கையையும் என்மீது சுமத்தாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

'பதிவான நாளிலிருந்தே' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. இன்றைய தேதியிலிருந்து ரத்தானால், நேற்று வரை அது நம் கடை என்றாகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "ஏன் வம்பு, தொழிலை மூடிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துப் பதிவை முடித்துவிடலாம்" என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. கேட்க இதமாக இருக்கும். ஆனால் மூடிவிட்டேன் என்று எழுதினால், நடத்தினேன் என்று ஒப்புக்கொண்டதாகும். அப்படி ஒரு காகிதத்தில் கையொப்பமிட்ட பிறகு திருட்டுப் போனது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நோட்டீஸைத் தீர்த்துத் தருகிறேன் என்று கூறி, வெற்றுத் தாளில் கையெழுத்தோ ஆதார் ஓடிபியோ கேட்பவரிடமிருந்து விலகிப் போய்விட வேண்டும்.

அடுத்தது காவல்துறை. தேசிய சைபர் குற்றப் போர்ட்டலில் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கே உரியது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதல், ஆள்மாறாட்டம், போலி ஆவணம் ஆகியவற்றுக்கான பிரிவுகளும் பொருந்தும். நம் ஊரில் பெரும்பாலும் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதுதான் கையில் கிடைக்கும். அது வேண்டும், ஆனால் அது முதல் தகவல் அறிக்கை அல்ல. வழக்குப் பதிய மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுப்பது பலருக்குக் கைவந்த வழி. காவல்துறை அசையாத இடத்தில் அது பயன்படும். வரிப் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஆட்சியருக்கு இல்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: வங்கி. போலி நிறுவனத்துக்கு ஒரு கணக்கு காட்டப்பட்டிருக்கும். அந்தக் கணக்கை யார் திறந்தார், எந்தக் கைபேசியில், பணம் எங்கே போனது என்பதுதான் திருடனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதை. நம் பெயரிலேயே கணக்கு திறக்கப்பட்டிருந்தால் அந்த வங்கிக்கும் உடனே எழுத வேண்டும். ஆதார் தளத்தில் ஆறு மாதங்கள் வரையிலான சரிபார்ப்பு வரலாற்றைப் பார்க்கலாம். நாம் செய்யாத சரிபார்ப்பு இருந்தால் அச்செடுக்க வேண்டும். இணைந்திருக்கும் கைபேசி எண் நம்முடையதுதானா என்று உறுதி செய்துகொண்டு, கைரேகைப் பயன்பாட்டைப் பூட்டி வைக்கலாம்.

ஆவணங்களின் நகலை வரி அலுவலகம் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அவை கிடைப்பது பெரிய திருப்பம். வாடகை ஒப்பந்தத்தில் உள்ள கையெழுத்தும் வங்கிப் புத்தகத்தில் உள்ள நம் கையெழுத்தும் ஒன்றல்ல என்பதும், புகைப்படத்தில் இருப்பவர் நாமல்ல என்பதும் ஆயிரம் வார்த்தை வாதாடுவதற்குச் சமம். சரக்கைக் கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் வண்டி எண் இருக்கும். அது இரும்பு ஏற்றவே முடியாத வாகனத்தின் எண்ணாக இருந்தால் போலித்தனம் அங்கேயே வெளுத்துவிடும்.

பதிவு ரத்தானால் போதுமா

போதாது. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பதிவு ரத்தாவதால் அதற்கு முந்தைய வரிப் பொறுப்பு நீங்கிவிடாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 29(3) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பதிவு ஒரு வழி, வரிக் கோரிக்கை இன்னொரு வழி. ரத்து உத்தரவு கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டவருக்கு, ஓராண்டு கழித்து முந்தைய காலத்துக்கான நோட்டீஸ் வரலாம். எனவே நிலுவையில் நோட்டீஸ் இருக்கிறதா என்று பொறுப்பு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் கொடுக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல், அதே சட்டத்தில் அபராதத்தையும் சிறைத் தண்டனையையும் பற்றிய 122(1ஏ), 132 ஆகிய பிரிவுகள் போலி வணிகத்தைச் செய்ய வைத்து அதன் பலனை அனுபவிப்பவரையும் பிடிக்கும் வகையில் திருத்தப்பட்டிருக்கின்றன. பலன் யாருக்குப் போனது என்று தேடும் கடமையை அதிகாரிக்கு நினைவூட்ட இது உதவும்.

உத்தரவே பிறந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம்; பொறுத்தருளக் கூடிய தாமதம் மேலும் ஒரு மாதம். அதற்கும் பிரச்சினைக்குரிய வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். இரண்டு கோடி என்று உத்தரவு வந்தால் இருபது லட்சம். நாள்கூலிக்காரர் எங்கே போவார்? அவருக்கு உள்ள வழி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. இதில் வழக்கறிஞர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. நோட்டீஸ் போர்ட்டலில் மட்டும் ஏற்றப்பட்டது, கைக்கு வரவில்லை என்று சொல்லி வந்த பல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்து மறுபடி விசாரிக்க அனுப்பியிருக்கிறது. பெரும்பாலும் வரியில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. உண்மையான வியாபாரிக்கு அது நல்ல நிவாரணம். அடையாளம் திருடப்பட்டவருக்கு அந்த நிபந்தனையே சுருக்குக் கயிறு. அவர் 'நோட்டீஸ் வரவில்லை' என்று வாதாடுவதைவிட 'அந்த வியாபாரி நான் அல்ல' என்று வாதாட வேண்டும். காவல் புகார், வரி அலுவலகத்துக்குக் கொடுத்த மனு, கையெழுத்து வேறுபாடு எல்லாம் அங்கேதான் பயன்படும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும்.

வருமானவரிப் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. ஆண்டுத் தகவல் அறிக்கையில் அந்த விற்றுமுதல் தென்பட்டால், அந்தக் குறிப்பைத் திறந்து அது தன்னுடையதல்ல என்று மறுப்பைப் பதிய வேண்டும். ஜிஎஸ்டி அலுவலகத்தில் மறுத்துவிட்டு இங்கே பேசாமல் இருந்தால், பிறகு வருமானவரித் துறை இதே தொகைக்கு விளக்கம் கேட்கும். எல்லா அலுவலகங்களிலும் ஒரே வாக்குமூலம் இருக்க வேண்டும். தேதி, முகவரி, பெயர் எழுத்து உட்பட.

அரசிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. அடையாளத் திருட்டுப் புகார் வந்ததும், அதன் கீழ் உள்ள எல்லா வரிக் கோரிக்கைகளையும் விசாரணை முடியும் வரை தானாக நிறுத்திவைக்கும் ஏற்பாடு வேண்டும். புகாரைத் தன் ஊர் அலுவலகத்தில் தன் மொழியில் கொடுத்தால் மற்ற மாநிலத்துக்கு அனுப்பிவைப்பது துறையின் வேலையாக இருக்க வேண்டும். நாடு முழுவதும் ஒரே வரி என்று 2017 ஜூலை 1 அன்று தொடங்கிய முறை, வரியைப் பெறும்போது மட்டும் நாட்டை ஒன்றாகப் பார்த்துவிட்டு, பாதிக்கப்பட்டவர் வந்து நிற்கும்போது 'அது வேறு மாநிலம்' என்று சொல்வது நியாயமில்லை.

ரத்து உத்தரவு ஆர்இஜி-19 படிவத்தில் வரும். வந்ததும் அதில் உள்ள தேதியைப் பார்க்க வேண்டும். பதிவான நாளிலிருந்து என்று இல்லாவிட்டால் உடனே எழுதித் திருத்தம் கேட்க வேண்டும். பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை பான் எண்ணைக் கொண்டு தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். திருடனிடம் அந்த எண் இன்னும் இருக்கிறது. 07 என்று தொடங்கியது ரத்தான பிறகு, 27 என்றோ 33 என்றோ தொடங்கும் இன்னொன்று அதே பான் எண்ணில் முளைக்கலாம்.